‘கு’ ஒன்று, வேலை மூன்று: பாண்டு வினைச்சொல்லுக்கு உறுப்புக் குறிப்பு எழுதும் முறை பற்றி

1988-ஆம் ஆண்டு, நான் மும்பைக்கு வந்து துணி வியாபாரத்தில் கால் ஊன்றிக்கொண்டிருந்த சமயம். மொம்பாசாவுக்கு அனுப்பிய கங்காத் துணிக் கட்டு ஒன்று அப்படியே திரும்பி வந்தது. கங்கா என்பது கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி. இரட்டையாகத்தான் விற்கும். நாலு பக்கமும் கரை, நடுவில் சித்திரம், அதற்குக் கீழே சுவாகிலி மொழியில் ஒரு வாசகம். நம் பெண்கள் முந்தானையை விரித்துப் பார்ப்பது போல அங்கே வாசகத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள்.

நாங்கள் அச்சடித்தது ஒரு பழமொழி: ‘ம்வுமிலிவு ஹுல ம்பிவு’. பொறுமைசாலி பழுத்ததைச் சாப்பிடுவான் என்று பொருள். அச்சுக்குச் சட்டம் செய்த ஆள், எழுத்து வரிசை துணியின் அகலத்துக்குப் போதவில்லை என்று ‘ஹுல’ என்ற ஒரே சொல்லை ‘ஹு ல’ என்று இரண்டாக்கி இடைவெளி விட்டுவிட்டார். அவருக்கு அது படம்தானே, சொல் இல்லையே! எனக்கும் அன்றைக்கு அப்படித்தான். மொம்பாசாவில் சரக்கு எடுத்த குஜராத்திப் பெரியவர் தொலைபேசியில், “மோட்டாபாய், சாப்பாட்டைப் பாதியில வெட்டிட்டீங்க” என்றார். இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லை ஏன் வெட்டக்கூடாது என்று அவரிடம் கேட்டேன். “வெட்டக்கூடாது, அவ்வளவுதான்” என்றார். அவர் மூன்று தலைமுறையாக அந்த மொழியைப் பேசுகிறவர். காரணம் சொல்லத் தெரியவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

காரணத்தை நானே தேடிப் போனேன். பவுண்டன் நடைபாதைக் கடையில் ஆஷ்டன் அம்மையார் 1944-ல் வெளியிட்ட சுவாகிலி இலக்கணம் ஒன்று முதுகட்டை கிழிந்த நிலையில் கிடைத்தது. அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் பாண்டு வினைச்சொற்களை வெட்டி ஒட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிப் போச்சு. பல்கலைக்கழகப் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் வெட்டுகிறவர்கள் எங்கே தவறாக வெட்டுகிறார்கள் என்பது, வெட்டுப்பட்ட துணிக்குப் பணம் கட்டியவனுக்குக் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பிரிக்கச் சொற்களை நம் எழுத்திலேயே தருகிறேன். க, த, ப ஆகியவற்றைச் சொல்லின் முதலில் ஒலிப்பது போலவே எங்கும் அழுத்தி ஒலித்துக்கொள்ளுங்கள். மெல்லினத்துக்குப் பின் மட்டும் நம் பழக்கப்படி ஒலிக்கலாம்.

பாண்டு மொழிகள் என்று ஏறத்தாழ 500 மொழிகளைச் சொல்கிறார்கள். காமரூன் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை பரவியவை. 1862-ல் பிளீக் என்ற ஜெர்மானியர் தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். ‘ந்து’ என்பது ஆள், ‘ப’ என்று பன்மை ஒட்டு முன்னால் சேர்ந்தால் ஆட்கள். பின்னால் கத்ரி என்ற ஆங்கிலேயர் எல்லாவற்றையும் எழுத்தும் எண்ணும் கொடுத்து அடுக்கினார். சுவாகிலிக்கு ஜி 42, ஜூலுவுக்கு எஸ் 42, செட்சுவானாவுக்கு எஸ் 31. எங்கள் கிடங்கில் கட்டுக்கு நம்பர் போடுவது மாதிரிதான்.

இந்த மொழிகளின் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். ‘ஹவதகுபிகிய’ என்றால் ‘அவர்கள் உனக்குச் சமைத்துத் தரமாட்டார்கள்’. ஒரு வாக்கியமே ஒரு சொல். பிரித்தால் ஹ-வ-த-கு-பிக்-இ-அ. ‘ஹ’ இல்லை என்பது. ‘வ’ அவர்கள். ‘த’ எதிர்காலம். ‘கு’ உன்னை, உனக்கு. ‘பிக்’ சமைத்தல் என்ற வேர். ‘இ’ இன்னாருக்காக, இன்னதைக் குறித்து என்று வினையை வேறொருவர் பக்கம் திருப்பும் உறுப்பு. கடைசி ‘அ’ இறுதி உயிர். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒதுக்கிய நாற்காலியில்தான் உட்காரும், இடம் மாறாது. மீயுசன் என்ற பெல்ஜிய அறிஞர் 1967-ல் மூல பாண்டு மொழியின் இலக்கணத்தை மீட்டெடுத்துக் காட்டியபோது இந்த நாற்காலிகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். முதல், முதலுக்கு முன், முதலுக்குப் பின் என்று தொடங்கி, இறுதி, இறுதிக்குப் பின் என்று முடியும். பெயர்கள் கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் இந்தத் துறையில் வந்த பெயர்களிலேயே நேர்மையானவை அவைதான் என்பது என் தீர்மானம். காரணம் பின்னால் வரும்.

மொழியியல் நூல்களில் அயல்மொழி வாக்கியத்தைக் கொடுத்து அதன் கீழே ஒவ்வொரு துண்டுக்கும் நேராக ஒரு பெயர் எழுதுவார்கள். இதையே குறிப்பு வரி என்கிறேன். இதற்கு லைப்சிக் விதிகள் என்று பத்து விதிகள் இருக்கின்றன. காம்ரி, ஹாஸ்பெல்மாத், பிக்கெல் ஆகியோர் தொகுத்தவை. மேல்வரியில் எத்தனை சிறுகோடு உண்டோ, கீழ்வரியிலும் அத்தனை வேண்டும் என்பது அதில் முக்கியமானது. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் நேருக்கு நேர் நிற்பது போல. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரவு செலவு நேராக நின்றால் மட்டும் கணக்கு சரியாகிவிடுமா? தலைப்பு மாற்றி எழுதியிருந்தாலும் கூட்டல் சரியாகத்தான் வரும்.

மேலே பார்த்த ‘கு’வையே எடுத்துக்கொள்வோம். சுவாகிலியில் ‘ல’ என்றால் சாப்பிடு. வேர் ‘ல்’ என்ற ஒற்றை மெய்தான். ‘அதகுல’ என்றால் சாப்பிடுவான். அ-த-கு-ல்-அ. ‘ஹகுல’ என்றால் சாப்பிடவில்லை. ஹ-கு-ல்-அ. இரண்டிலும் ‘கு’ வருகிறது, வேருக்கு முன்னால் ஒட்டியே வருகிறது. சமையல் உதாரணத்திலும் வந்தது. மூன்றும் ஒன்றா? சமையல் ‘கு’ முன்னிலை ஒருமை. ‘ஹகுல’வில் உள்ளது எதிர்மறை இறந்தகாலம் காட்டும் உறுப்பு, ‘ஸிகுஸொம’, நான் படிக்கவில்லை, என்பதில் வரும் அதே ‘கு’. அப்படியானால் ‘அதகுல’வில் வரும் ‘கு’ எது?

பல குறிப்பு வரிகளில் அதன் கீழே ‘வினைப்பெயர் ஒட்டு’ என்று எழுதியிருக்கும். ‘குல’ என்றால் சாப்பிடுதல், அந்தக் ‘கு’தான் இங்கே வந்திருக்கிறது என்று நியாயம் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதில். இங்கே என்ன செய்கிறது என்பதற்குப் பதில் இல்லை. ‘சாப்பிடுதல்’ என்ற பொருள் ‘சாப்பிடுவான்’ என்பதற்குள் எங்கே இருக்கிறது?

சுவாகிலிச் சொல்லில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ‘ல’ ஓரசை வேர். ‘அதல’ என்று சொன்னால் அழுத்தம் ‘த’வின் மேல் விழ வேண்டும். எதிர்காலம் காட்டும் ‘த’, இறந்தகாலம் காட்டும் ‘லி’, முடிந்ததைக் காட்டும் ‘மெ’ இவையெல்லாம் அந்தச் சுமையைத் தாங்காத உறுப்புகள். தாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். ‘கு’ வந்து நிற்கிறது. வேறு ஆள் கிடைத்தால் அது போய்விடும். ‘அமெகில’, அதைச் சாப்பிட்டுவிட்டான், என்னும்போது ‘அதை’ என்ற பொருளுள்ள ‘கி’ அந்த இடத்தில் இருப்பதால் ‘கு’வைக் காணோம். ‘ஹஜல’, இன்னும் சாப்பிடவில்லை, என்பதில் ‘ஜ’ தானே தாங்கும், அங்கேயும் இல்லை. ஆக, இது பொருளில்லாத சுமைதாங்கி. ஊருக்கு வெளியே தலைச்சுமையை இறக்கிவைக்க நட்டிருக்கும் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ‘இங்கே விறகு விற்கப்படும்’ என்று பலகை மாட்டுவது எப்படியோ, அப்படித்தான் இந்தக் ‘கு’வுக்கு வினைப்பெயர் ஒட்டு என்று எழுதுவது.

நம் பள்ளிக்கூடத்தில் இந்தத் தவறு நடக்காது. ‘வந்தனன்’ என்பதற்கு உறுப்பிலக்கணம் எழுதச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன்கூட முதல் ‘அன்’ சாரியை, இரண்டாம் ‘அன்’ ஆண்பால் விகுதி என்று பிரித்து எழுதுவான். வடிவம் ஒன்று, நாற்காலி வேறு, ஆகவே பெயரும் வேறு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாக வகுத்த நன்னூலில், பொருளில்லாமல் வரும் உறுப்புக்கும் ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது. பவணந்தி முனிவர் எங்கள் சமயத்தவர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குறிப்பு எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பெட்டி தேவை என்பதற்காகச் சொல்கிறேன். ‘ஹகுல’வில் ‘அவன்’ என்ற ‘அ’ எங்கே போச்சு என்று கேட்டால், முன்னால் உள்ள ‘ஹ’வோடு கலந்துவிட்டது, விகாரம் என்று அதற்கும் நம்மிடம் பெட்டி உண்டு.

ஆனால் ஆசை அளவோடு இருக்க வேண்டும். ஒரு காலத்தில் நன்னூல் பெயர்களையே சுவாகிலிக்கு முழுசாகப் போர்த்திப் பார்த்தேன். சட்டை சேரவில்லை. ‘படித்தேன்’ என்பதில் ‘நான்’ கடைசியில் வருகிறது. ‘நிலிஸொம’வில் ‘நி’ என்று முதலிலேயே வந்துவிடுகிறது. முன்னால் நிற்பதை விகுதி என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு ஒற்றுமையைக் கண்டதும் தமிழுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் ரத்த உறவு என்று கட்டுரை எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். மலர்களில் அது நன்றாக எடுபடும், கைதட்டும் கிடைக்கும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இரண்டு ஊரில் சுமைதாங்கிக் கல் இருந்தால் இரண்டு ஊரும் சம்பந்தி என்று ஆகாது.

இறுதி உயிருக்கு வருவோம். ‘நினஸொம’ படிக்கிறேன், ‘நிஸொமெ’ நான் படிக்கட்டும், ‘ஸிஸொமி’ நான் படிப்பதில்லை. கடைசியில் அ, எ, இ. எதிர்மறை என்பது ‘ஸி’ என்று முன்னாலும் ‘இ’ என்று பின்னாலும் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு ‘நாட்’ போதும் என்பதால், முன்னால் உள்ளதற்கு மட்டும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, பின்னால் உள்ளதை ‘இறுதி உயிர்’ என்று பொதுவாக எழுதித் தாண்டிப் போகிறவர்கள் பலர். இது பாதிப் பற்று. இன்னொரு கூட்டம் ‘அ’வுக்கு ‘செய்தி கூறும் வினை’ என்று பெரிய பெயர் வைக்கிறது. ‘ஸொம’, படி என்று ஏவும்போதும் அதே ‘அ’தான். ‘குஸொம’, படித்தல், என்பதிலும் அதே ‘அ’தான். மீயுசன் வெறுமனே ‘இறுதி’ என்று நாற்காலிக்குப் பெயர் வைத்தது ஏன் நேர்மை என்றேன் என்பது இப்போது விளங்கும். நாற்காலியின் பெயர் ஒன்று; உட்காருகிறவர் எதற்கு மாறாக உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொன்று. குறிப்பு வரி இரண்டையும் சொல்ல வேண்டும்.

இதை விட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். அரபியிலிருந்து சுவாகிலிக்கு வந்த வினை ‘ஃபிகிரி’. நினை, யோசி என்று பொருள். நம் பம்பாய் இந்தியில் ‘ஃபிகர் மத் கரோ’ என்கிறோமே, அந்த ஃபிகர்தான். ‘நினஃபிகிரி’ என்றால் நான் நினைக்கிறேன். கடைசியில் ‘இ’ இருக்கிறது, ஆனால் எதிர்மறை இல்லை. ‘ஸிஃபிகிரி’ என்றால் நான் நினைக்கவில்லை. இதிலும் அதே ‘இ’. அரபி வினைகள் தங்கள் கடைசி உயிரை மாற்றிக்கொள்வதில்லை. அந்த நாற்காலியே அவற்றுக்கு இல்லை. இன்றைக்குக் கணினியில் லட்சக்கணக்கான சொற்களை ஏற்றிக் குறிப்பு எழுத வைக்கிறார்கள். கடைசி ‘இ’யைக் கண்டால் வெட்டு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், நினைக்கிறேன் என்று எழுதிய இடமெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். எங்கள் அச்சுக்காரராவது ஒரே ஒரு சொல்லைத்தான் வெட்டினார்.

அடுத்தது, வேருக்குப் பின்னால் வரும் அந்த ‘இ’. அப்ளிகேட்டிவ் என்பார்கள். குறிப்பு வரிகளில் அதன் கீழே ‘க்காக’ என்று மொழிபெயர்ப்பை எழுதுகிற வழக்கம் பழைய கைநூல்களில் சகஜம். ‘பிகிய’ சமைத்துக்கொடு, அங்கே பொருந்தும். ‘ஹம’ என்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு போவது. ‘ஹமிய’ என்றால் ஓர் இடத்துக்குக் குடிவருவது. இங்கே ‘க்காக’ எங்கே? ‘கத’ வெட்டு, ‘கதிய’ என்பது கத்தியைக் கருவியாகக் கொண்டு வெட்டுவதற்கும் வரும். சேருமிடம், கருவி, பயன்பெறுகிறவர் மூன்றும் ஓர் உறுப்பின் கீழ் வருகின்றன. அந்த உறுப்பின் வேலை, வினைக்குப் புதிதாக ஒரு பங்காளியைச் சேர்ப்பது. யார் அந்தப் பங்காளி என்பதை வினையும் வாக்கியமும் சொல்லும். மொழிபெயர்ப்பைக் குறிப்பு என்று எழுதினால், படிக்கிற மாணவன் ஆங்கிலத்தைத்தான் கற்றுக்கொள்கிறான்.

‘நிலிம்வொன ஜும’ என்பதற்கும் இதே கதிதான். நான் ஜுமாவைப் பார்த்தேன் என்று பொருள். ‘ம்வ்’ என்பதற்கு ‘அவனை’ என்று எழுதினால் ‘நான் அவனை ஜுமாவைப் பார்த்தேன்’ என்று திக்குவாய் போலக் கேட்கும். மனிதரைக் குறிக்கும் செயப்படுபொருளாக இருந்தால் வினைக்குள்ளும் அதற்கு ஒரு முத்திரை வேண்டும் என்பது சுவாகிலி வழக்கம். இந்த முத்திரை பிரதிப்பெயரா, வெறும் இயைபா என்று மொழிக்கு மொழி சோதித்துப் பார்க்க வேண்டும். 1987-ல் ப்ரெஸ்னனும் மலாவியைச் சேர்ந்த ம்சோம்போவும் சிச்சேவா மொழியை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கட்டுரைக்குப் பிறகும் ‘அவனை’ என்று எழுதுவது சோம்பல்.

இனி என் பழைய காயமான இடைவெளிக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் ஒன்பது பாண்டு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. ஜூலு, ஹோசா, ஸ்வாதி, இந்தெபெலே நான்கும் வினையைச் சேர்த்து எழுதுகின்றன. செட்சுவானா, செசோதோ, செபேதி, வேந்தா, த்சோங்கா ஐந்தும் பிரித்து எழுதுகின்றன. ஜூலுவில் ‘ங்கியம்தண்ட’, நான் அவளை நேசிக்கிறேன், ஒரே சொல். செட்சுவானாவில் அதே செய்தி ‘கெ அ மொ ரத’, நாலு சொல். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘ங்கி’க்கு ‘கெ’, ‘ய’வுக்கு ‘அ’, ‘ம்’முக்கு ‘மொ’, ‘தண்ட’வுக்கு ‘ரத’. எலும்புக்கு எலும்பு அதே உடம்பு. ஒன்றைச் சேர்த்து எழுதினார்கள், இன்னொன்றை வெட்டி எழுதினார்கள், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் தொடங்கிவைத்த எழுத்து வழக்கத்தின் வாரிசு இது. குருமானில் மொஃபாட் பாதிரியார் செட்சுவானா பைபிளை 1857-ல் முழுமையாக்கி அச்சிட்டார். அச்சில் ஏறிவிட்ட இடைவெளியை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் ஆசிரியராக இருந்த டோக், 1927-ல் ஜூலு இலக்கணம் எழுதியபோது, ஒரு முக்கிய அழுத்தத்தின் கீழ் வருவதெல்லாம் ஒரே சொல் என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சு ஜூலுவில் எடுபட்டது, செட்சுவானாவில் எடுபடவில்லை. அவர் சொன்னது சரி என்றுதான் என் காதுக்குப் படுகிறது. அதற்காக, தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் படித்த குழந்தைகளின் புத்தகத்தை இன்றைக்கு ஒட்டவைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எழுத்து அவர்களுடையது. ஆனால் குறிப்பு வரி எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2006-ல் தால்யார்ட், போஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வட சோதோவையும் ஜூலுவையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். பிரித்து எழுதும் மொழியில் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச்சொல் போலவே வகைப்பெயர் ஒட்டிவிடலாம். சேர்த்து எழுதும் மொழியில் முதலில் சொல்லை உடைத்தாக வேண்டும். ஒரே இலக்கணத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம். இவற்றை அடுத்தடுத்து வைத்து ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணினால், வந்த விடை எழுத்தைப் பற்றியதே தவிர மொழியைப் பற்றியது இல்லை.

அந்த ‘அ’ என்ன என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ‘கெ அ ஜ’ என்றால் சாப்பிடுகிறேன். ‘கெ ஜ நம’ என்றால் கறி சாப்பிடுகிறேன். கறி வந்ததும் ‘அ’ காணாமல் போய்விட்டது! இதற்கு ‘நிகழ்காலம்’ என்று குறிப்பு எழுதுகிறவர்களைப் பார்த்து, கறி சாப்பிடுவது நிகழ்காலம் இல்லையா ஐயா என்று கேட்கத் தோன்றுகிறது. வினை தன் தொடரின் கடைசியில் தனியாக நின்றால் ‘அ’ வரும். அதோடு இணைந்து பின்னால் ஒன்று வந்தால் வராது. ஜூலுவின் ‘ய’வும் அப்படித்தான். வாக்கியம் முழுவதையும் பார்க்காமல் துண்டுக்கு மட்டும் பெயர் வைக்கிறவருக்கு இது பிடிபடாது.

பிடிபடாத இன்னொன்று தொனி. சுவாகிலியில் தொனியால் பொருள் மாறாது. என் போன்றவன் நுழைய முடிந்தது அதனால்தான். செட்சுவானாவில் ‘ஒ’ என்று தாழ்த்திச் சொன்னால் நீ. உயர்த்திச் சொன்னால் அவன் அல்லது அவள். அச்சில் இரண்டும் ஒரே ‘ஒ’. ஜூலுவின் ‘உ’வும் அப்படியே. அச்சடித்த புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே குறிப்பு எழுதுகிறவர், நீயா அவனா என்று ஒவ்வொரு இடத்திலும் ஊகிக்கத்தான் வேண்டும். வாயால் சொல்ல ஒருவரை உட்காரவைத்து மேல்வரியிலேயே தொனிக்குறி போடாத எந்தக் குறிப்பையும் நான் பாதி விலைக்குத்தான் எடுப்பேன். இதை என் சொந்த நோட்டுப் புத்தகத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த நோட்டில் நான் வைத்துக்கொண்ட முறை எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வரி. முதலில் நாற்காலி, பிறகு அங்கே என்ன வேலை, கடைசியில்தான் தமிழில் பொருள். பொருளில்லாத சுமைதாங்கிக்கு மூன்றாம் வரியில் ஒரு கோடு. முதல் பக்கத்தில் இருப்பது ‘ஹுல’தான். ‘ஹு’ வழக்கமாகச் செய்வதைக் காட்டும். நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் ‘ஹுல’ ஒன்றேதான். எழுவாய் ஒட்டு சேராது. ‘கு’வும் வேண்டாம், ‘ஹு’வே அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. ‘ஹு’வைத் தனியே எடுத்து வைத்தால் மிஞ்சும் ‘ல’வுக்குக் கடைசிக்கு முந்தைய அசை என்று ஒன்றே கிடையாது. அழுத்தம் போய் விழ இடம் இல்லை. பெரியவர் தொலைபேசியில் “வெட்டக்கூடாது, அவ்வளவுதான்” என்றாரே, அதற்குக் காரணம் இதுதான். திரும்பி வந்த அந்தக் கட்டில் ஒரு ஜோடியை விற்காமல் வைத்திருக்கிறேன். சாயம் இன்னும் போகவில்லை, இடைவெளியும் அப்படியே இருக்கிறது.